மலச்சிக்கலும் நம் தட்டும்

பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தை போன் செய்தால் முதல் பத்து நிமிடம் மழை, பேரனின் பரீட்சை, மாவு மில்லில் கூட்டம் என்று போகும். வைக்கப் போகிற நேரத்தில்தான் குரல் தாழும். "மூணு நாளாச்சும்மா. வயிறு போவல." மாமா பக்கத்து அறையில் இருப்பார். நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று அப்படி ஒரு கூச்சம்.

அத்தைக்கு 71 வயது. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் அவரிடம் சொன்னேன்: நார்ச்சத்து சேருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். சொன்னதை அப்படியே செய்கிற சுபாவம் அவருக்கு. மறுநாளே இரண்டு வேளையும் கீரை, ராத்திரி தவிடு கலந்த சப்பாத்தி, படுக்கும் முன் இசப்கோல் இரண்டு கரண்டி. நாலாம் நாள் பேசும்போது வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது, குனிய முடியவில்லை என்றார். வெளிக்கு மட்டும் போகவில்லை. நான் கொடுத்த அறிவுரையில் எது பிழை, எது அரைகுறை என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். உணவை மாற்றினால் மலச்சிக்கல் தீருமா என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைப்பதில்லை. யாருக்கு, எந்த உணவு, எவ்வளவு, எத்தனை நாளில் என்று பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிய குழப்பம். காலையில் எழுந்ததும் போகவில்லை என்றாலே மலச்சிக்கல் என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம். மருத்துவம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை போவதிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை போவது வரை எல்லாமே இயல்புதான். உலகெங்கும் குடல் மருத்துவர்கள் பின்பற்றும் ரோம் வரையறையின் நான்காம் பதிப்பு 2016இல் வந்தது. அதன்படி எத்தனை முறை என்பது ஆறு அறிகுறிகளில் ஒன்று மட்டுமே. முக்க வேண்டியிருப்பது, கட்டியாக வருவது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது, ஆசனவாயில் அடைப்பதுபோல் இருப்பது, விரலால் உதவ வேண்டிவருவது ஆகியவை மற்ற ஐந்து. இவற்றில் குறைந்தது இரண்டு இருந்து, மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட மலச்சிக்கல் என்று பெயர். தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம். அரை மணி நேரம் முக்கி, ஆட்டுப் புழுக்கை போல நாலு உருண்டை வெளியேற்றிவிட்டு வருகிறவரை 'தினமும் போகிறாரே' என்று விட்டுவிட முடியாது.

ஆட்டுப் புழுக்கை என்ற நம் சொல்லுக்கு மருத்துவத்திலும் இடம் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் லூயிஸ், ஹீட்டன் என்ற இருவர் 1997இல் மலத்தின் வடிவை ஏழு வகையாகப் பிரித்து வெளியிட்டார்கள். முதல் வகை, தனித்தனிக் கொட்டைகளாக வருவது. இரண்டாவது, கொட்டைகள் ஒட்டிய கட்டி. மூன்றும் நான்கும் சுகமான வகைகள். ஏழாவது தண்ணீராகப் போவது. வடிவத்தைப் பார்த்தாலே அது பெருங்குடலில் எவ்வளவு நேரம் தங்கியது என்று ஓரளவு ஊகிக்கலாம். தங்கத் தங்கக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும். டாக்டரிடம் பேசக் கூசுகிறவர்கள் இந்த ஏழு வகைகளின் படத்தில் விரல் வைத்து 'இது' என்று காட்டினாலே போதும். அத்தை முதல் வகையைக் காட்டினார்.

இன்னொரு குழப்பம், பயத்திலிருந்து வருவது. மலம் தேங்கினால் நஞ்சு ரத்தத்தில் கலந்துவிடும், தலைவலி, முகப்பரு, சோம்பல் எல்லாம் அதனால்தான் என்ற நம்பிக்கை. இதை நம்பிக் குடலைச் சுத்தம் செய்யும் பொடிகளை வாங்கிக் குடிக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் பெரிய அறுவை மருத்துவர்களில் ஒருவரான ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். நஞ்சு ஊறுகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணமும். 1919இல் வால்டர் ஆல்வரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அந்தக் கொள்கையை எதிர்த்து எழுதினார். மலக்குடலுக்குள் வெறும் பஞ்சைத் திணித்தாலும் அதே தலைபாரமும் மந்தமும் வருகின்றன, பஞ்சை எடுத்ததும் உடனே போய்விடுகின்றன என்று அவர் காட்டினார். ரத்தத்தில் நஞ்சு கலந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் தெளியாது. மலக்குடல் நிறைந்து விரிவதே அந்த மந்தத்துக்குப் போதுமான காரணம். இரண்டு நாள் போகாததால் யாருக்கும் விஷம் ஏறாது. இதைப் புரிந்துகொண்டால் அவசரம் குறையும். அவசரம் குறைந்தால் பேதி மருந்தும் குறையும்.

நார்ச்சத்து என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அந்த ஆங்கிலப் பெயரை 1953இல் முதலில் எழுதியவர் ஹிப்ஸ்லி. உலகம் முழுக்க அதைக் கொண்டுபோனவர் அயர்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட். உகாண்டாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுநோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. இங்கிலாந்தில் சர்வசாதாரணமாக வருகிற மூலம், குடல்வால் அழற்சி, குடல் பை நோய்கள் உகாண்டாக் கிராமங்களில் ஏன் அரிதாக இருக்கின்றன என்று அவர் கேட்டார். விடை தேட அவர் எடுத்த வழி எளிது: சாப்பிட்டது வெளியே வர எத்தனை மணி நேரம் ஆகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு எடை போகிறது என்று அளந்தார். 1972இல் லான்செட் இதழில் அவரும் வாக்கர், பெயின்டர் ஆகியோரும் வெளியிட்ட கணக்கில், உகாண்டா கிராமத்தார் நாளொன்றுக்கு 400 கிராமுக்கு மேல் மலம் கழித்தார்கள். அதுவும் ஒன்றரை நாளில். பிரிட்டனின் கடற்படைக்காரர்களுக்கு 100 கிராம் சுமாருக்குத்தான் போயிற்று, மூன்று நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு. தவிடு நீக்கிய மாவையும் சர்க்கரையையும் தின்பதே வித்தியாசத்துக்குக் காரணம் என்றார் பர்கிட். மூலத்திலிருந்து இதயநோய் வரை எல்லாவற்றையும் நார்ச்சத்தோடு கோத்த அவர் கருத்துகளில் சில பின்னால் தளர்ந்துபோயின. மலத்தின் எடையும் வேகமும் உணவைப் பொறுத்தவை என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை.

நார்ச்சத்து குடலுக்குள் என்ன செய்கிறது? துடைப்பம் போலக் கூட்டித் தள்ளுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதிதான் உண்மை. நம் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் தாவரப் பொருள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்தான் நார்ச்சத்து. அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. கொரகொரப்பான கோதுமைத் தவிடு குடல் சுவரை உரசும். உரசிய இடத்தில் நீரும் சளியும் சுரக்கும், குடல் அசையும். அதே தவிட்டை மாவாக அரைத்துவிட்டால் உரசல் போய்விடும், சிலருக்கு மலம் இன்னும் இறுகவும் செய்யும். பருப்பு, பயறு, பழங்களில் இருக்கும் கரையும் நாரில் பெரும்பகுதியைப் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துத் தின்றுவிடும். அவை பெருகும். மலத்தின் திடப்பொருளில் பெரும்பங்கு பாக்டீரியாதான் என்பதால் அதுவும் எடை கூட்டும். கூடவே காற்றும் பிரியும். இசப்கோல் மூன்றாவது ரகம். தண்ணீரை இழுத்துக் கூழாகும், பாக்டீரியாக்கள் அதை அதிகம் தொடுவதில்லை, கடைசி வரை ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கட்டியை இளக்கவும் தண்ணீராகப் போவதைக் கெட்டிப்படுத்தவும் அதே பொருள் உதவுவது இதனால்தான். பிடித்துவைக்கத் தண்ணீர் வேண்டும். அத்தை இரண்டு கரண்டி இசப்கோலை அரை டம்ளர் பாலில் கலக்கி விழுங்கியிருக்கிறார்.

அத்தையின் தட்டைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு வாரம் அவர் வீட்டில் போய் இருந்தேன். தவிடும் இசப்கோலும் சேராத அவருடைய வழக்கமான ஒரு நாள் சாப்பாட்டை அடுப்படித் தராசில் நிறுத்து எழுதினேன். காலையில் காபி, மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சாம்பார் சோறு, ரசம், மோர், உருளைக்கிழங்குப் பொரியல் ஒரு கரண்டி. நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். ராத்திரி இரண்டு தோசை, ஒரு வாழைப்பழம். பல் போனபிறகு கடிக்க முடியவில்லை என்று மற்ற பழங்களை நிறுத்திவிட்டார். சுண்டல் வாயு என்று நிறுத்திவிட்டார். கீரை ஆய உட்கார முடியவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டேன். நாள் முழுவதற்கும் 15 கிராம் சுமாருக்குத்தான் நார்ச்சத்து தேறியது. வயது வந்தவருக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். இட்லி, சோறு, தோசை என்று பெயர் மூன்றாக இருந்தாலும் மூன்றும் தீட்டிய அரிசிதான்.

அந்த அட்டவணையை ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒட்டலாம். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. புழுங்கலரிசியில் கொஞ்சம் கூடுதல், 4 கிராமைத் தொடாது. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம், சோளத்தில் 10. முழுக் கோதுமை மாவில் 11. அதையே மைதாவாக்கினால் 3க்கும் கீழே. நாலு பரோட்டா தின்றவர் மறுநாள் வயிறு கல்லாகிவிட்டது என்றால் வியக்க ஒன்றுமில்லை. முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம், தோல் நீக்கிய துவரம்பருப்பில் 9. முருங்கைக்கீரையில் 8. கொய்யாவில் எட்டரை, விதை குடலில் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி நாம் ஒதுக்குகிற பழம் அது. நம் பாட்டிமார் தின்ற கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் வறுமையின் உணவாக இருந்தன. அரிசிச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தது. ரேஷன் அரிசி வந்து பசியைத் தீர்த்தது. அது சிறிய காரியமில்லை, பழைய உணவெல்லாம் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் அந்தப் பசியை மறந்துவிடக் கூடாது. பசி தீர்ந்த தட்டில் அரிசி மட்டும் நிறைந்து, பயறும் கீரையும் ஓரத்துக்கு ஒதுங்கியதுதான் நாம் சரிசெய்ய வேண்டியது.

இவ்வளவும் தெளிவு. இதிலிருந்து ஒரே தாவாகத் தாவி, நார் மிகுந்த உணவு தின்றால் மலச்சிக்கல் தீரும் என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் நான் இடறினேன். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் உணவியல் வல்லுநர் சங்கம் நாள்பட்ட மலச்சிக்கலுக்கான உணவு வழிகாட்டுதலை வெளியிட்டது. எழுபத்துச் சொச்சம் மருத்துவச் சோதனைகளைச் சலித்து எடுத்த முடிவுகள் அவை. கிவிப் பழம், ஐரோப்பாவின் ரை தானியத்து ரொட்டி, தாதுக்கள் மிகுந்த தண்ணீர், இசப்கோல், மக்னீசியம் ஆக்சைடு ஆகியவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது என்றது. 'நார்ச்சத்து மிகுந்த உணவு' என்ற பொதுவான அறிவுரைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அரை நூற்றாண்டாக ஒவ்வொரு டாக்டரும் சொல்லிவந்த வாக்கியம் அது.

இதைப் படித்துவிட்டு நார்ச்சத்தே பொய் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. ஆதாரம் போதாது என்பதற்கும் பயனில்லை என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. ஒரு மனிதரின் மூன்று வேளை உணவையும் மாற்றி, மாற்றாத இன்னொருவரோடு ஒப்பிட்டு, மாதக்கணக்கில் பின்தொடர்வது கடினம். ஒரு பழத்தையோ ஒரு பொடியையோ கொடுத்துப் பார்ப்பது எளிது. எளிதானது சோதிக்கப்பட்டிருக்கிறது. நியூசிலாந்தின் கிவிக்குச் சோதனை செய்ய ஆளும் பணமும் கிடைக்கின்றன. நம் ஊர்க் கொய்யாவுக்கும் கேழ்வரகுக் களிக்கும் அந்த வாய்ப்பு எப்போது கிடைக்கும்?

சோதனையில் தேறியவற்றை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. இசப்கோல் விளைவதே பெரும்பாலும் குஜராத், ராஜஸ்தான் வயல்களில்தான். உலகத்துக்கு அதிகம் அனுப்புவதும் இந்தியாதான். நாளொன்றுக்கு 10 கிராமுக்கு மேல் நார்ப்பொடி, குறைந்தது நான்கு வாரம் என்பது 2022இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்கு. இரண்டு நாள் தின்றுவிட்டுக் கேட்கவில்லை என்று டப்பாவை மூடுகிறவர்கள்தான் அதிகம். உலர்ந்த பிளம் பழம் இன்னொன்று. 2011இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில் நாளுக்கு 100 கிராம் உலர் பிளம், இசப்கோலைவிட நன்றாக வேலை செய்தது. அதில் நார் மட்டுமல்லாமல் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் இருக்கிறது. செரிக்காமல் பெருங்குடல் வரை போய்த் தண்ணீரை இழுத்துவரும். 2021இல் அதே நாட்டில் கிவி இரண்டு, உலர் பிளம் 100 கிராம், இசப்கோல் 12 கிராம் மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றுமே பயன் தந்தன. உப்புசத் தொல்லை மிகக் குறைவாக இருந்தது கிவிக்கு. இன்று சிறு ஊர்களிலும் கிவி விற்கிறது என்றாலும் தினமும் இரண்டு வாங்க எல்லா வீட்டிலும் கட்டுப்படியாகாது. உலர் திராட்சையை ஊறவைத்துத் தின்னும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிளம் அளவுக்கு அதில் சார்பிட்டால் இல்லை. பிளம் தரும் பலனை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் பூவன் பழம் ஒன்று என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அத்தையும் சட்டத்தை மீறவில்லை, ஆனால் கடையில் வாங்கிய செங்காயான பழத்தைத் தின்றுகொண்டிருந்தார். காய் நிலையில் இருக்கும் செரிக்காத மாவுச்சத்தும் துவர்ப்பும் மலத்தைக் கட்டுபவை. பங்களாதேஷில் நாள்பட்ட வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு வாழைக்காயை வேகவைத்துக் கொடுத்துப் போக்கை நிறுத்தியிருக்கிறார்கள். அதே பொருள் மலச்சிக்கல்காரருக்கு வேண்டாம். தோலில் கரும்புள்ளி விழக் கனிந்த பழம் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஆராய்ச்சிகள் சொல்வது நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது. போதுமான தண்ணீர் குடிக்கிற ஆரோக்கியமான ஒருவர் இன்னும் இரண்டு லிட்டர் கூடுதலாகக் குடித்தால் அது சிறுநீராகப் போகும், மலம் மாறாது. தண்ணீரைக் குறைத்தால் மலம் குறைவது நிச்சயம். 1998இல் இத்தாலியில் நடந்த சோதனையில் மலச்சிக்கல்காரர்கள் எல்லோருக்கும் 25 கிராம் நார்ச்சத்துள்ள உணவு கொடுத்தார்கள். இரண்டு லிட்டர் தண்ணீரும் சேர்ந்து குடித்தவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைத்தது. நாரும் தண்ணீரும் ஜோடி, தனித்தனியே கொடுத்தால் இரண்டும் பாதி வேலைதான் செய்யும். நார் மட்டும் ஏறித் தண்ணீர் ஏறாவிட்டால் அத்தைக்கு ஆன கதிதான் ஆகும்.

அத்தை ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டபோதுதான் விஷயத்தின் வேர் தெரிந்தது. அவர் வேலை பார்த்த பள்ளியில் ஆசிரியைகளுக்கென்று கழிப்பறை பல வருடம் கிடையாது. காலை எட்டரைக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் மாலை நாலரைக்குத் திரும்பும் வரை அடக்கிக்கொள்ள வேண்டும். "மதியச் சாப்பாட்டுக்கு ரெண்டு மடக்கு, அவ்வளவுதான். தொண்டை காஞ்சு போயித்தான் பாடம் நடத்துவோம்." முப்பத்தொரு வருடம் இப்படி. ஓய்வு பெற்றபிறகும் உடம்பு அந்தக் கணக்கிலேயே ஓடுகிறது. மலம் வருகிற உணர்வை அடக்க அடக்க அந்த உணர்வே மழுங்கும். 1990இல் ஜெர்மனியில் ஆரோக்கியமான ஆண்கள் பன்னிரண்டு பேரை ஒரு வாரம் வேண்டுமென்றே அடக்கிக்கொள்ளச் சொன்னபோது, அந்த ஒரே வாரத்தில் அவர்கள் குடலின் வேகம் குறைந்தது. ஒரு வாரத்துக்கே அப்படியென்றால் முப்பத்தொரு வருடத்துக்கு? பேருந்து நிலையத்திலும் ஜவுளிக்கடையிலும் நின்றபடி வேலை பார்க்கிற பெண்களுக்கு, பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்குப் பயந்து வீடு வரை அடக்கிவரும் சிறுமிகளுக்கு, கீரை சாப்பிடு என்ற அறிவுரை எவ்வளவு தூரம் போகும்? உணவைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள்மீதே பழி போட்டதாகிவிடும்.

அடக்காமல் இருக்கச் சரியான நேரம் எது என்றும் குடலே சொல்கிறது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைவது இயல்பான எதிர்வினை. காலையில் அது வலுவாக இருக்கும். காபி குடித்தால்தான் வருகிறது என்று தமிழ்நாட்டில் பாதிப் பேர் சொல்வது வெறும் பழக்கதோஷம் அல்ல. 1990இல் பிரிட்டனில் அளந்து பார்த்தபோது, காபி குடித்த நாலு நிமிடத்தில் சிலருக்குப் பெருங்குடலின் கீழ்ப்பகுதி இயங்கத் தொடங்கியது. காஃபீன் நீக்கிய காபியும் அதையே செய்தது; வெந்நீர் செய்யவில்லை. சாப்பிட்டு முடித்த கால் மணி நேரத்துக்குள், வந்தாலும் வராவிட்டாலும், போய் உட்காரும் பழக்கம் எந்த டப்பா பொடிக்கும் குறைந்ததில்லை. அடுக்குமாடி வீட்டு மேற்கத்திய கழிப்பறையில் உட்காருகிறவர்கள் காலுக்குக் கீழே சின்ன முக்காலி வைத்து முழங்காலை உயர்த்திக்கொண்டால், குந்தி உட்காருவதில் கிடைக்கும் வசதியில் ஒரு பங்கு கிடைக்கும்.

எத்தனை நார் தின்றாலும் கேட்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 1997இல் ஜெர்மனியில் 149 நோயாளிகளுக்கு இசப்கோல் இனத்துப் பொடியைக் குறைந்தது ஆறு வாரம் கொடுத்தார்கள். வேறு கோளாறு எதுவும் இல்லாதவர்களில் 85 விழுக்காட்டினர் தேறினர். குடலே மந்தமாக நகர்கிறவர்களில் 80 விழுக்காட்டினருக்குப் பலன் இல்லை. வெளியேற்றும் தசைகள் ஒத்துழைக்காதவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் அப்படியே. முக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொண்டால் மேலிருந்து எவ்வளவு தள்ளினாலும் வாசல் திறக்காது. அங்கே மேலும் மேலும் நாரைக் கொட்டுவது நெரிசலில் இன்னும் நாலு வண்டியை விடுவதுபோல. சிங்கப்பூரில் 2012இல் வந்த ஓர் ஆய்வில் 63 பேர் நார்ச்சத்தைக் குறைத்தும் நிறுத்தியும் பார்த்தபோது நிறுத்தியவர்களுக்கு மலச்சிக்கலும் உப்புசமும் தணிந்தன. ஒப்பிட எதிர்க்குழு இல்லாத சிறிய ஆய்வு அது. எல்லோரும் நாரை விட்டுவிட வேண்டும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. நார் கூட்டியும் மோசமாகிற ஒருவரைப் பார்த்து 'நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்குத் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி இருக்கிறது, வேறு மருந்துகள் இருக்கின்றன. குடல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மருந்தால் வரும் மலச்சிக்கலும் நிறைய. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி நிவாரணிகள், சில ரத்தஅழுத்த மாத்திரைகள் எல்லாம் மலத்தைக் கட்டும். தைராய்டு குறைந்தாலும், நீரிழிவு நாள்பட்டாலும் குடல் மந்தமாகும். குழந்தைகளில் இன்னொரு முடிச்சு: சோறு வேண்டாம் என்று அடம்பிடித்து நாலு டம்ளர் பால் குடிக்கிற குழந்தை. 1998இல் இத்தாலியில் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 65 குழந்தைகளுக்குப் பசும்பாலை நிறுத்திச் சோயாப் பால் கொடுத்தபோது 44 பேருக்குத் தேறியது. எல்லாக் குழந்தைக்கும் பால்தான் காரணம் என்று நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதென்றால் டாக்டரைக் கேட்டு, சில வாரம் மட்டும் பார்க்கலாம்.

பேதி மருந்தைச் சொல்லாமல் தமிழில் இந்தக் கட்டுரை முடியாது. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அத்தை. விளக்கெண்ணெய் வேலை செய்யும். அதன் ரிசினோலிக் அமிலம் குடல் தசையில் எந்த இடத்தைப் பற்றி இழுக்கிறது என்று 2012இல்தான் கண்டுபிடித்தார்கள். மாதந்தோறும் குடலைக் கழுவ வேண்டிய தேவை மட்டும் யாருக்கும் இல்லை. நிலாவாரை இன்னும் நம் மண்ணுக்கு நெருக்கமானது. உலக மருந்து நூல்களில் அதன் ஒரு வகைக்கே திருநெல்வேலி என்றுதான் பெயர். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் பயிரானது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை உடைத்தபிறகே வேலை தொடங்கும் என்பதால் ராத்திரி சாப்பிட்டால் காலையில் பலன். மூலிகைதானே, உணவு மாதிரிதானே என்று நினைத்துப் பல வருடம் தினமும் சாப்பிடுகிறார்கள். அது மருந்து. சந்தையில் விற்கும் பல 'இயற்கை' சூரணங்களில் வேலை செய்வது இந்த நிலாவாரைதான். லேபிளைப் படித்துப் பார்த்தால் தெரியும். வேண்டிய நாளில், வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. சாப்பாடு தினசரிக்கு, பேதி மருந்து அவசரத்துக்கு.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ஐம்பதுக்கு மேல் திடீரென்று மாறிய மலப் பழக்கம், வாந்தியோடு சேர்ந்த வயிற்று வீக்கம், இவற்றில் எது இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நேரே டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீரக நோயாளிகள் கீரை, பயறு, தண்ணீர், மக்னீசியம் எதையும் தாமாகக் கூட்டக் கூடாது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இசப்கோல் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

அத்தைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். தவிட்டையும் இசப்கோலையும் நிறுத்தி, வயிறு அடங்கும்வரை ஒரு வாரம் பொறுத்தோம். அவர் சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் காட்டினோம். அதில் ஒரு கால்சியம் மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்தார். முதல் வாரம் ஒரே மாற்றம்: பிஸ்கட்டுக்குப் பதில் கொய்யாவை விதை நீக்கி மசித்து. இரண்டாம் வாரம் வாரத்துக்கு மூன்று நாள் குழைய வெந்த கொண்டைக்கடலை, சீரகமும் இஞ்சியும் தட்டிப்போட்டு, முதலில் இரண்டு கரண்டி மட்டும். கடலையை ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்ததில் வாயுத் தொல்லை அவ்வளவாக இல்லை. மூன்றாம் வாரம் ராத்திரித் தோசை மாவில் பாதி கேழ்வரகு. கீரை ஆய்ந்து கொடுக்கும் வேலையை மாமா ஏற்றுக்கொண்டார். எதற்காக என்று அத்தை கடைசியில் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார். தண்ணீருக்கு ஒரு சொம்பை அளவாக வைத்துக்கொண்டார், பொழுது சாயும் முன் மூன்று சொம்பு. காபி குடித்த பத்தாவது நிமிடம் போய் உட்காருவது, வராவிட்டாலும் முக்காமல் எழுந்துவிடுவது.

ஐந்தாம் வாரம் பேசியபோது பிரிஸ்டல் படத்தில் மூன்றாம் வகைக்கு வந்திருந்தார், ஒருநாள் விட்டு ஒருநாள். இந்தத் தடவை போனை எடுத்ததும் முதல் பேச்சே அதுதான். ஒன்று மட்டும் இன்னும் மாறவில்லை. மதுரைக்கு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறுகிற நாளில், கிளம்புகிற காலையிலிருந்து அவர் சொம்பைத் தொடுவதில்லை. வழியில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி எந்தக் கழிப்பறைக்குள் போக முடியும் என்று என்னைக் கேட்டார்.